மாணவர்களோடு மலையேறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதின்ம வயதுப் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, உச்சியைத் தொட்டே ஆக வேண்டும் என்ற நினைப்பிலிருந்துதான் கிளைக்கின்றன. உச்சி இலக்காகிவிட்டால் பின்தங்கும் பிள்ளை சுமையாகத் தெரியும். வழியில் இருக்கும் காடு கண்ணிலேயே படாது.

முதலில் நேரக் கணக்கு. சமதளத்தில் மணிக்கு 5 கி.மீ., ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக 1 மணி நேரம் என்பது மலையேறிகளின் பழைய கணக்கு. அது பழகிய கால்களுக்குச் சரி. 20 மாணவர்கள் கொண்ட குழுவுக்கு மலைப்பாதையில் மணிக்கு 2 கி.மீ. என்றே வையுங்கள். போய்வர 8 கி.மீ. என்றால் நடைக்கு மட்டும் 4 மணி நேரம். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை மணி. காலை 7 மணிக்குக் கிளம்பினால், 10 மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிடுவோம் என்று அடிவாரத்திலேயே சொல்லிவிடுங்கள். மேலே போனபின் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

வேகமாக நடப்பவர்களை முன்னால் விடுவது அடுத்த தவறு. அவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். கடைசிப் பிள்ளை மூச்சிரைக்க வந்து சேரும்போது "சரி, கிளம்பலாம்" என்று எழுவார்கள். ஓய்வு யாருக்குத் தேவையோ அந்தப் பிள்ளைக்கு அது கிடைப்பதே இல்லை. மெதுவாக நடப்பவர் வழிகாட்டிக்கு அடுத்து இரண்டாவதாக நடக்கட்டும். கடைசியில் ஒரு பெரியவர் வரட்டும்.

கோடையில் வறண்ட புல்வெளி மலைகளுக்குப் போகவே கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்லில் தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். மேட்டை நோக்கி ஓடும் மனிதரை அது முந்திவிடும். வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாத பாதையில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு திறந்த 40 மலையேற்றப் பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டுள்ளன. முதல்முறை போகிறவர்களுக்கு எளிதான பாதையே போதும்.

புதுக் காலணியோடு வர விடாதீர்கள். குதிகாலில் சூடாக, உரசலாக உணரும்போதே நின்று பிளாஸ்திரி ஒட்டினால் கொப்புளம் வராது. பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள்; ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீங்கள்தான் கேட்க வேண்டும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது வேண்டும். 1 லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். (நீரிழப்பை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் கலக்குவது அடிக்கடி நடக்கிறது. அப்படிக் கலந்தால் உப்பு இருமடங்காகிவிடும், தாகமும் கூடும். மழைக்காலச் சோலைக்காட்டில் அட்டை கடித்தால் தீ வைக்க வேண்டாம், பிய்த்து இழுக்கவும் வேண்டாம். அதன் மெல்லிய முனைப் பக்கம் தோலோடு ஒட்டி நகத்தைத் தள்ளினால் பிடி விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பயமில்லை. வாசனைத் திரவியம் பூசி வந்தால் மலைத்தேனீ சீண்டப்படலாம் என்பதையும் முன்பே சொல்லிவையுங்கள்.

உடல்காயத்தைவிட ஆறாதது ஒன்று உண்டு. வழுக்குப்பாறை முன்னால் நடுங்கி நிற்கும் பிள்ளையைப் பார்த்து, "எல்லாரும் ஏறிட்டாங்க, உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்பதுதான் அது. நண்பர்கள் முன்னால் பட்ட அவமானத்தோடு அந்தப் பிள்ளைக்கு மலையே வெறுத்துவிடும். பாதிவரை ஏறலாம், உட்கார்ந்தபடியே நகரலாம், கீழே நின்று மற்றவர்களுக்கு வழி சொல்லலாம் என்று மூன்று வழிகள் கொடுங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் மதிப்பு ஒன்றுதான். தானே முடிவெடுத்துப் பாதி ஏறியவருக்குக் கிடைக்கும் தன்னம்பிக்கை, தள்ளிவிடப்பட்டு உச்சி சேர்ந்தவருக்குக் கிடைக்காது.

இயற்கையோடு பிணைப்பு நடந்த தூரத்தால் வருவதில்லை, கவனித்துப் பார்ப்பதால் வருகிறது. ஸ்பீக்கர் பாட்டும் செல்ஃபியும் அந்தக் கவனத்தைத் தின்றுவிடும். வழிகாட்டி சரியென்று சொல்லும் இடத்தில், ஒருவரை ஒருவர் பார்க்கும் தொலைவில் தனித்தனியே 15 நிமிடம் உட்கார வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் நெளிவார்கள். பிறகு யாராவது ஒருவர், முசுறு எறும்புகள் இலைகளை வளைத்துப் பிடிக்க, வேறு சில எறும்புகள் தங்கள் புழுக்களை வாயில் கவ்வி, அவை விடும் பட்டிழையால் கூட்டைத் தைப்பதைப் பார்த்துவிடுவார். விளக்கவுரையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவர் பார்த்ததை அவரே சொல்லட்டும்.

ஒரே பயணத்தோடு நிறுத்திவிடுவதும் தவறுதான். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்த தரவை வைத்து 2019-இல் வெளியான ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழிப்பவர்களிடம் நல்ல உடல்நலமும் மனநிறைவும் கூடுதலாக இருப்பதாகச் சொன்னது. அந்த 120 நிமிடத்துக்கு மலை தேவையில்லை. ஊர் ஏரிக்கரை, பள்ளி வேப்பமரம், தெருமுனை அரசமரம் போதும். ஒரு நோட்டில் தேதி போட்டு, அதே மரத்தில் இந்த வாரம் என்ன மாறியது என்று எழுதச் சொல்லுங்கள்.