மருந்து அடிப்பதற்கு முன் தரையில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

மும்பையில் மழை ஆரம்பித்ததும் செம்பூர், மாட்டுங்கா பக்கத்துப் பழைய அடுக்குமாடி சொசைட்டிகளில் லாபி முழுக்கச் சாக்கு விரித்துவிடுவார்கள். படிக்கட்டு பாலிஷ் போட்ட கோட்டா கல்லாக இருந்தால் கேட்கவே வேண்டாம், பெரியவர்கள் கைப்பிடியை விடாமல்தான் இறங்குவார்கள். அந்தச் சமயம் பார்த்து யாராவது வழுக்காமல் செய்யும் மருந்து ஒரு கேனோடு வந்து, காய்ந்த தரையில் ஷூவைத் தேய்த்து, 'பாருங்க சார், என்ன கிரிப்!' என்பார். காய்ந்த தரை பெரும்பாலும் எல்லாமே பிடிக்கும், அதைக் காட்ட ஒருவர் வர வேண்டியதில்லை. ஈரத்தில் காட்டச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் தரையை ஒழுங்காகக் கழுவுங்கள். பினாயிலையும் ஃப்ளோர் கிளீனரையும் தாராளமாக ஊற்றித் துடைத்துத் துடைத்து மேலே ஒரு படலம் ஏறியிருக்கும், ஈரம் பட்டதும் வழுக்குவது பல வீடுகளில் அதுதான். மிதமான சோப்புத் தண்ணீர், பிரஷ், பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீர். சில தரைகளுக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

முடியவில்லையா, சரி, தரை என்ன கல் என்று பாருங்கள். கண்ணில் படாத மூலையில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். நுரைத்தாலோ, அந்த இடம் மங்கிப்போனாலோ அது மார்பிள் அல்லது கோட்டா போன்ற சுண்ணாம்புக் கல். அதில் அமில மருந்து எதையும் ஊற்ற விடாதீர்கள், பாலிஷ் திட்டுத்திட்டாகப் போகும். மெஷின் வைத்துப் பாலிஷைக் குறைக்கலாம், படி விளிம்பில் கல் வேலைக்காரரை வைத்துக் கோடு கோடாகப் பள்ளம் வெட்டலாம். மழைக்காலம் மட்டும் சமாளித்தால் போதும் என்றால் சொரசொரப்பான டேப் ஒட்டலாம், ஆனால் தண்ணீர் நிற்கும் இடத்தில் அதன் ஓரம் சீக்கிரம் கிளம்பும், பிறகு அதுவே காலைத் தடுக்கும்.

செராமிக், விட்ரிஃபைட், கிரானைட் என்றால் அரிக்கும் மருந்து வேலை செய்யும். கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகளை உண்டாக்குவதுதான் அதன் வேலை. பலவற்றில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமோ அதன் உறவுக்கார உப்போ இருக்கும். தோலில் பட்டால் உடனே எரியாமல் உள்ளே இறங்கிப் புண்ணாக்கும், கண்ணாடியையும் அரிக்கும். நீங்களே செய்யாதீர்கள், செய்ய வருபவரிடமும் மருந்தில் என்ன இருக்கிறது, எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் பாதுகாப்புத் தாளைக் கேட்டு வாங்குங்கள். மணல் கலந்த எபாக்சி, பாலியூரித்தேன் பூச்சுகளும் உண்டு. அடியில் ஈரம் இருந்தால் அவை உரிந்து வரும், அதனால் ஜூலையில் பூசுவது வீண் செலவு.

இனி சோதனை. வீடு கட்டியபோது மிஞ்சிய டைல் எங்காவது பரணில் கிடக்கும். பாதியை மறைத்து மறுபாதிக்கு மட்டும் மருந்து போடச் சொல்லுங்கள். அதை ஒரு பலகைமேல் நகராமல் வைத்து, தண்ணீர் ஊற்றி, தினமும் போடும் தேய்ந்த செருப்பை வைத்து, அதன்மேல் 2 கிலோ அரிசிப் பொட்டலம். ஒரு முனையை மெதுவாகத் தூக்குங்கள். செருப்பு வழுக்கும் உயரத்தை ஸ்கேலில் குறித்துக்கொண்டு, இரண்டு பாதிகளையும் ஒப்பிடுங்கள். ஈரத்தில் அசையாமல் இருக்கும் செருப்பு ஒட்டிக்கொள்ளும் என்பதால் இந்த எண்ணை ஆய்வக எண்ணோடு ஒப்பிட முடியாது, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் இது. குளியலறைக்கு என்றால் சோப்புத் தண்ணீரிலும் பாருங்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் உள்ள வீடு என்றால் சீயக்காயோடு நல்லெண்ணெய் இரண்டு சொட்டு. அங்கே வெறுங்கால்தான், அதனால் முக்காலியில் உட்கார்ந்தபடி குதிகாலால் தேய்த்துப் பாருங்கள், எழுந்து நின்று வீரம் காட்ட வேண்டாம். அப்புறம் நைலான் பிரஷால் கை வலிக்கும்வரை தேய்த்து, மறுபடி அதே சோதனை. அதில் தோற்கும் மருந்து ஒரு மழைக்குத் தாங்காது.

சொசைட்டி லாபி மாதிரிப் பெரிய வேலை என்றால் பெண்டுலம் கருவி அளவு கேளுங்கள் (ஊசலாடும் கையின் நுனியில் உள்ள ரப்பர் தரையை உரசும்போது கிடைக்கும் பிடிப்பு எண் அது), ஈரத் தரையில், மருந்துக்கு முன்னும் பின்னும். 36 அல்லது அதற்கு மேல் வந்தால் வழுக்கும் அபாயம் குறைவு, 25க்குக் கீழே என்றால் மோசம். செருப்புக்கால் இடத்துக்கு 96 என்ற ரப்பர், வெறுங்கால் இடத்துக்கு 55 என்று இரண்டு வகை உண்டு, எதை வைத்து அளந்தார்கள் என்பதையும் கேளுங்கள். கடையில் புது டைல் வாங்கும்போது 'ஆர் 9, ஆன்டி ஸ்கிட்' என்று பெருமையாகச் சொன்னால் ஏமாறாதீர்கள். வழுக்காமல் பிடிக்கும் தன்மையைச் சொல்லும் அந்த வரிசை ஆர் 9இல் ஆரம்பித்து ஆர் 13 வரை போகிறது, ஆர் 9தான் கடைசிப் பெஞ்ச்.

மருந்து போட்ட தரையில் அந்த நுண்குழிகளில் அழுக்கு அடைத்தால் பழைய வழுக்கல் திரும்பிவிடும். மாப் போதாது, வாரம் ஒருமுறை பிரஷ் போடச் சொல்லி வேலைக்கு வருபவரிடம் முன்பே பேசிவிடுங்கள், அதற்குக் கூடுதலாகக் காசும் கொடுங்கள்.