சாப்டர் 13: கடைசித் தவணைக்கும் டிஸ்சார்ஜுக்கும் நடுவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாப்டர் 13 என்பது அமெரிக்கத் திவால் சட்டத்தில், நீதிமன்றம் ஏற்ற தவணைத் திட்டப்படி (பிளான்) கடனைக் கட்டும் வழி. அதில் மூன்று வருடமோ ஐந்து வருடமோ வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி டிரஸ்டிக்கு (பணத்தை வாங்கிக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துத் தருபவருக்கு) மாதாமாதம் பணம் கட்டியவருக்கு, கடைசித் தவணை போன நாள் பெரிய நாள்தான். ஆனால் அந்தச் சட்டத்தின் கணக்கில் அன்றைக்கு எந்தக் கடனும் தள்ளுபடி ஆகிவிடவில்லை. நீதிமன்றம் டிஸ்சார்ஜ் (கடன் தள்ளுபடி) ஆணை பிறப்பித்தால்தான் மீதிக் கடனிலிருந்து விடுதலை. அந்த ஆணைக்குச் சட்டத்தின் 1328ஆம் பிரிவு சில நிபந்தனைகளை வைத்திருக்கிறது. பணம் கட்டி முடிப்பது அவற்றில் ஒன்று மட்டுமே.

கடைசித் தவணைக்குப் பிறகு டிரஸ்டி அலுவலகம் உங்கள் கணக்கைத் தணிக்கை செய்யும். கடன் கொடுத்தவர்களுக்கு மிச்சப் பணத்தை அனுப்பும். அப்புறம்தான் தவணைகள் முடிந்தன என்று நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கும். இதற்குச் சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்துக்கும் ஒரு நடைமுறை. இந்தப் பகுதி உங்கள் கையில் இல்லை, அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் வேலைகள் வேறு. அவற்றையும் ‘கோர்ட் பார்த்துக்கொள்ளும்’ என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

இரண்டாவது வகுப்பை மறந்துவிடுவது

சாப்டர் 13 போடுகிறவர்கள் இரண்டு வகுப்புகளை முடிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கொண்டுவந்த விதி இது. முதலாவது, வழக்குப் போடுவதற்கு முந்தைய 180 நாட்களுக்குள் எடுக்கும் கடன் ஆலோசனை. இரண்டாவது, வழக்குப் போட்ட பிறகு எடுக்கும் நிதி மேலாண்மை வகுப்பு. முதலாவது இல்லாமல் வழக்கே நிற்காது என்பதால் அதை எல்லோரும் முடித்துவிடுகிறார்கள். இரண்டாவதைக் கேட்டால், ‘அதுதான் அப்போதே எடுத்தாயிற்றே’ என்பார்கள். எடுத்தது முதலாவது!

இரண்டாவது வகுப்பின் சான்றிதழைக் கடைசித் தவணை கட்டும் நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால் டிஸ்சார்ஜ் கிடையாது. ஒரு டாலர் பாக்கி இல்லாமல் கட்டியிருந்தாலும் நீதிமன்றம் வழக்கை டிஸ்சார்ஜ் இல்லாமலே மூடிவிடலாம். ஐந்து வருட உழைப்பு ஓரிரு மணி நேர இணைய வகுப்பால் தடைபட்டு நிற்பது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். மூடிய வழக்கைத் திரும்பத் திறக்க வழி உண்டு. ஆனால் அதற்கு மனுப் போட வேண்டும், 235 டாலர் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும், வழக்கறிஞருக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

இதில் இன்னும் இரண்டு சறுக்கல்கள் உண்டு. கணவன் மனைவி சேர்ந்து போட்ட வழக்கென்றால் இருவரும் தனித்தனியே முடிக்க வேண்டும். ஒருவர் மட்டும் முடித்திருந்தால் மற்றவருக்கு ஆணை வராது. அடுத்தது, வகுப்பு நடத்தும் நிறுவனம் அங்கீகாரம் பெற்றதா, சான்றிதழை அவர்களே நீதிமன்றத்துக்கு அனுப்புவார்களா, நாம் தாக்கல் செய்ய வேண்டுமா என்று கேட்காமல் விடுவது. ‘அனுப்பியிருப்பார்கள்’ என்ற அனுமானம் போதாது. வழக்கின் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

நமக்குப் பொருந்தாது என்று படிவத்தை ஒதுக்குவது

ஜீவனாம்சமோ குழந்தைப் பராமரிப்புத் தொகையோ கட்ட வேண்டியவர்கள், அதுவரை சேர்ந்த பாக்கியைக் கட்டிவிட்டதாக உறுதிமொழி கொடுத்தால்தான் டிஸ்சார்ஜ். அப்படி எந்தப் பொறுப்பும் இல்லாதவர்கள் ‘எனக்கெதற்கு இது’ என்று படிவத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். பல நீதிமன்றங்களில் ‘எனக்கு அப்படி ஒரு பொறுப்பு இல்லை’ என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இதே படிவத்தில் வேறு சில உறுதிமொழிகளும் சேர்ந்து வரும். முந்தைய திவால் வழக்கில் எப்போது டிஸ்சார்ஜ் பெற்றீர்கள் என்பது அவற்றில் ஒன்றாக இருக்கும். நான்கு வருடத்துக்குள் போட்ட சாப்டர் 7 (சொத்தை விற்றுக் கடன் தீர்க்கும் திவால் வகை) வழக்கிலோ, இரண்டு வருடத்துக்குள் போட்ட சாப்டர் 13 வழக்கிலோ ஏற்கெனவே டிஸ்சார்ஜ் வாங்கியிருந்தால் இந்த வழக்கில் கிடைக்காது. இந்த வருடக் கணக்கு ஒரு வழக்குப் போட்ட நாளிலிருந்து அடுத்த வழக்குப் போட்ட நாள் வரை. இப்படி ஒரு பழைய வழக்கு இருந்தால் வழக்கறிஞரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வீடு மாறியவர்கள் புதிய முகவரியை நீதிமன்றத்துக்கும் டிரஸ்டிக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும். படிவமும் காலக்கெடுவும் பழைய வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தால் உங்களுக்குத் தெரியவே வராது.

வீட்டுக் கடனில் அசந்துவிடுவது

எனக்கு அதிகம் கவலை தருவது இந்த இடம்தான். இங்கே நடக்கும் தவறு வீட்டையே அசைத்துவிடும்.

சில மாவட்டங்களில் மாதாந்திர மார்ட்கேஜ் தவணையையும் டிரஸ்டியே கட்டுவார். சம்பளத்திலிருந்து பிடித்துப் போய்க்கொண்டே இருக்கும், நாம் அதைத் தொடுவதே இல்லை. பிளான் முடிந்ததும் பிடித்தம் நிற்கும், டிரஸ்டி கட்டுவதும் நிற்கும். அடுத்த மாதத் தவணையை நாமே நேரடியாகக் கட்டத் தொடங்க வேண்டும். எந்த மாதத் தவணை வரை டிரஸ்டி கட்டியிருக்கிறார், எந்த மாதத்திலிருந்து நம் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜுக்குக் காத்திருக்கும் மாதங்களில் இரண்டு தவணை விட்டுப்போனால், திவாலிலிருந்து வெளியே வரும்போதே புதுப் பாக்கியோடு வருவோம்.

மார்ட்கேஜை நாமே நேரடியாகக் கட்டிவரும் மாவட்டங்களில் சிக்கல் வேறு மாதிரி. சொத்து வரியோ காப்பீட்டுப் பிரீமியமோ ஏறினால் எஸ்க்ரோ தொகை (இவற்றுக்காகத் தவணையோடு சேர்த்து வாங்கும் பணம்) மாறும், மாதத் தவணையும் மாறும். அப்படி மாறும்போது கடன் நிறுவனம் 21 நாள் முன்னதாக நீதிமன்றத்தில் அறிவிப்பு தாக்கல் செய்து உங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்தக் காகிதத்தைப் பிரிக்காமல் பழைய தொகையையே கட்டிவருகிறவர்கள் பலர். மாதம் 60 டாலர் குறைந்தால் மூன்று வருடத்தில் 2,160 டாலர். பிளான் முடியும்போது டிரஸ்டி ஓர் அறிவிப்பு கொடுப்பார், அதற்குக் கடன் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். பாக்கி அப்போது வெளியே வரும். நேரடியாகக் கட்ட வேண்டிய மார்ட்கேஜ் தவணையும் பிளானின் ஒரு பகுதிதான் என்று சொல்லி, டிரஸ்டியிடம் முழுப் பணமும் கட்டியவர்களுக்குக்கூட டிஸ்சார்ஜ் மறுத்த தீர்ப்புகள் பல உண்டு.

எதிர்ப்பக்கமும் தவறு செய்யும். நிறுவனம் சொல்லும் பாக்கிக் கணக்கு சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்ட வேண்டாம். வங்கி அறிக்கைகளை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தவறென்றால் நீதிமன்றத்திலேயே மறுக்கலாம். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது அதைச் செய்வது எளிது, மூடிய பிறகு கடினம்.

அறுபதாம் மாதத்தில்தான் கணக்குப் பார்ப்பது

பிளான் ஐந்து வருடத்துக்கு மேல் போகக்கூடாது. ஆனால் வழக்கின் நடுவில் வரித்துறை எதிர்பார்த்ததைவிடப் பெரிய தொகையைக் கேட்டிருக்கலாம், ஏதோ ஒரு தவணை தவறியிருக்கலாம். தணிக்கையில் 900 டாலர் குறைகிறது என்று கடைசி மாதத்தில் தெரிந்தால் சமாளிக்க நேரம் இருக்காது. சில மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சிறிய பாக்கியை ஐந்து வருடத்துக்குப் பிறகும் கட்ட அனுமதித்திருக்கின்றன. எல்லா நீதிபதியும் அப்படி அனுமதிப்பார் என்று நம்பி உட்கார முடியாது. ஐம்பதாவது மாதத்தை ஒட்டியே டிரஸ்டி அலுவலகத்தில் மிச்சத் தொகை எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

முடிந்துவிட்டதாக நினைத்து நடந்துகொள்வது

ஆணை வரும் முன்பே புதுக் கார் கடன் வாங்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். வழக்கு நடக்கும்போது புதுக் கடனுக்குப் பெரும்பாலும் டிரஸ்டி அல்லது நீதிமன்ற அனுமதி வேண்டும். கடைசித் தவணை போய்விட்டதாலேயே அந்தக் கட்டுப்பாடு போய்விடாது, வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பரம்பரைச் சொத்தோ விபத்து இழப்பீடோ இந்த நேரத்தில் கைக்கு வந்தால் அதையும் மறைக்காமல் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். வழக்குப் போட்டு 180 நாள் தாண்டிவிட்டால் பரம்பரைச் சொத்து வழக்கில் சேராது என்று ஒரு நம்பிக்கை உண்டு. சாப்டர் 13இல் அது சேரும் என்று நான்காம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எல்லா நீதிமன்றமும் ஒரே கருத்தில் இல்லை. அதனால்தான் மறைப்பது ஆபத்து.

கார் கடன் பிளானில் முடிந்தும் டைட்டில் (காரின் உரிமைப் பத்திரம்) கைக்கு வரவில்லையே என்று கோபப்படுகிறவர்களுக்கு ஒரு விளக்கம். காரின் மதிப்பை அடிப்படையாக வைத்துக் கடன் தொகையைக் குறைத்திருந்தால், அசல் ஒப்பந்தப்படி முழுக் கடனும் தீரும் வரை அல்லது டிஸ்சார்ஜ் வரும் வரை, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை, லீனை (காரின் மீதான அடமான உரிமையை) வைத்துக்கொள்ளக் கடன் கொடுத்தவருக்கு உரிமை உண்டு. ஆணை வந்ததும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்தக் காத்திருப்பில் பயப்பட வேண்டாத விஷயமும் ஒன்று இருக்கிறது. வழக்கில் சேர்ந்த கடன்களை வசூலிக்க விடாத தடை, டிஸ்சார்ஜ் வரும் வரை பொதுவாகத் தொடரும். யாராவது கூப்பிட்டு மிரட்டினால் வழக்கு எண்ணைச் சொல்லிவிட்டு வழக்கறிஞரிடம் தகவல் கொடுங்கள், பணம் கொடுக்க வேண்டாம்.

ஆணை வந்த பிறகு

டிஸ்சார்ஜும் வழக்கு மூடப்படுவதும் ஒன்றல்ல. ஆணை வந்த பிறகு டிரஸ்டி இறுதி அறிக்கை கொடுப்பார், அதற்கப்புறமே வழக்கு மூடும். மூடப்பட்டதாக ஓர் அறிவிப்பு மட்டும் வந்து டிஸ்சார்ஜ் ஆணை வரவில்லை என்றால் உடனே விசாரியுங்கள். பேசர் என்ற நீதிமன்ற இணையதளத்தில் நீங்களே வழக்கைப் பார்க்கலாம். பக்கத்துக்கு 10 சென்ட், மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் என்றால் கட்டணமே இல்லை.

எல்லாக் கடனும் போய்விட்டது என்றும் எண்ண வேண்டாம். கல்விக் கடன், குழந்தைப் பராமரிப்புத் தொகை, சில வரிகள், குற்ற வழக்கு அபராதம், தொடர்ந்து ஓடும் மார்ட்கேஜ் ஆகியவை பொதுவாக அப்படியே நிற்கும். ஆணையில் எந்தெந்தக் கடன் போனது என்று பட்டியலும் இருக்காது. கல்விக் கடனுக்கு அந்த வருடங்களில் வட்டி ஏறியிருக்கும் என்பதால் அந்த நிறுவனத்தை நீங்களே முதலில் கூப்பிடுவது நல்லது.

ஓரிரு மாதம் கழித்து எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றின் கிரெடிட் ரிப்போர்ட்டையும் எடுத்து, தள்ளுபடியான கடன்களில் பாக்கி பூஜ்யம் என்று இருக்கிறதா பாருங்கள். தள்ளுபடியான தொகையை வருமானமாகக் காட்டி 1099-சி படிவம் வந்தால் பதற வேண்டாம். திவாலில் தள்ளுபடியான கடன் வரிக்குரிய வருமானம் ஆகாது, அதை வரிக் கணக்கோடு 982 படிவத்தில் காட்டினால் போதும்.

ஆணையின் நகலை எந்தக் காலத்திலும் தூக்கிப் போடாதீர்கள். பழைய கடன்களைக் கொத்தாக வாங்கி வசூலிக்கும் நிறுவனங்கள் பல வருடம் கழித்தும் கூப்பிடும். ஆணையை எழுத்தில் அனுப்புங்கள். அதன் பிறகும் தொந்தரவு செய்தால் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை கோரலாம். அந்தக் கடன் தள்ளுபடியில் அடங்காது என்று நினைக்க நியாயமான காரணம் எதுவும் இல்லாத இடத்தில் அப்படித் தண்டிக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது.