டிஷ்ஷைத் தொடாதீர்கள், முதலில் கனெக்டரைப் பாருங்கள்

இரவெல்லாம் மழை கொட்டியிருக்கும். காலையில் டிவியைப் போட்டால் "நோ சிக்னல்" என்று வரும். உடனே மாடிக்கு ஓடி டிஷ்ஷைத் தள்ளிப் பார்க்கத் தோன்றும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். செயற்கைக்கோள் நிற்பது பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில். இங்கே டிஷ் 1 டிகிரி திரும்பினால், அங்கே அதன் பார்வை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் விலகிவிடும். பழுது வேறெங்கோ இருக்க, சரியாக நின்ற டிஷ்ஷையும் கெடுத்துக்கொண்டால் இரண்டு கோளாறுகளைத் தேட வேண்டியிருக்கும். அதனால் டிவியிடமிருந்து தொடங்கி, கேபிள் வழியே மெல்ல வெளியே போவோம்.

படி 1: திரை என்ன சொல்கிறது?

டிவியே "நோ சிக்னல்" என்கிறதா, செட்-டாப் பாக்ஸ் சொல்கிறதா என்று பாருங்கள். ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்துங்கள். பாக்ஸின் மெனு திரையில் வந்தால் எச்.டி.எம்.ஐ. வயரும் இன்புட்டும் சரி. பிரச்சினை டிஷ் பக்கம். மெனுவே வராவிட்டால் டிவியில் இன்புட்டை மாற்றிப் பாருங்கள். சந்தா முடிந்தது என்ற செய்தி வந்தால் அது சிக்னல் கோளாறே இல்லை. அடுத்து, பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டு மாட்டுங்கள்.

கனமழை பெய்யும்போது மட்டும் படம் போனால் கொஞ்சம் பொறுங்கள். நம் டிஷ்களுக்கு வரும் கே.யு. பேண்ட் (Ku) என்ற அலைவரிசையின் அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சிவிடும். மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமபகலிரவு நாட்களை ஒட்டி, சில நாட்கள் பகலில் ஒரே நேரத்தில் சில நிமிடங்கள் மட்டும் படம் போவதும் உண்டு. சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து, சூரியனின் ரேடியோ இரைச்சலில் சிக்னல் மூழ்கிவிடும். இந்த இரண்டும் தானாகவே சரியாகும்.

படி 2: குவாலிட்டியை நம்புங்கள்

பாக்ஸின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்தால் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு அளவுகள் இருக்கும். புதியவர்கள் ஏமாறுவது ஸ்ட்ரெங்த்தைப் பார்த்துத்தான். டிஷ் வெற்று வானத்தைப் பார்த்து நின்றாலும், எல்.என்.பி.யின் (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிய கையில் இருந்து சிக்னலை வாங்கும் சிறு கருவி) சொந்த இரைச்சலே அந்தக் கோட்டை உயர்த்திக் காட்டும். படத்தைத் தருவது குவாலிட்டி.

ஸ்ட்ரெங்த் இருந்து குவாலிட்டி 0 என்றால் டிஷ் திசை மாறியிருக்கலாம், அல்லது எல்.என்.பி. போயிருக்கலாம். இரண்டுமே 0 என்றால் பெரும்பாலும் கேபிளோ கனெக்டரோதான். சில சேனல்கள் மட்டும் போனாலும் கனெக்டரைச் சந்தேகப்படுங்கள். பாக்ஸ் இதே கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் செங்குத்து அலை வேண்டுமா, கிடை அலை வேண்டுமா என்று எல்.என்.பி.க்குச் சொல்கிறது. வழியில் மின்னழுத்தம் குறைந்தால் அந்த இரண்டில் ஒரு வகை அலையில் வரும் சேனல்கள் காணாமல் போகும்.

படி 3: கனெக்டர்

இங்கே அவசரப்படாதீர்கள். பாக்ஸின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பின்னால் உள்ள எஃப் கனெக்டரை (கேபிள் நுனியில் திருகி மாட்டும் உலோக முனை) கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுக்கம்பி பளபளவென்று, விளிம்பைத் தாண்டிச் சுமார் 3 மில்லிமீட்டர் நீட்டியிருக்க வேண்டும். பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் ஈரம் ஏறிவிட்டது. நடுக்கம்பியைச் சுற்றி வெளித்தோலுக்கு உள்ளே இருக்கும் பின்னல் கம்பியிலிருந்து முடி போன்ற ஒற்றை இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் மொத்த சிக்னலும் போய்விடும். ஒருமுறை என் வீட்டில் இரண்டு நாள் டிவி ஓடாமல் இருந்ததற்குக் காரணம் அப்படி ஓர் இழைதான். கண்ணாடி போட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

புதிதாகப் போடுவது கடினமில்லை. கெட்டுப்போன நுனியை வெட்டி, செம்பு பளிச்சென்று தெரியும் இடம் வரை போங்கள். வெளித்தோலை ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குச் சீவுங்கள். பின்னலை வெளித்தோலின் மேல் பின்னோக்கி மடியுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளை நுரையில் பாதியை நீக்கினால் நடுக்கம்பி தெரியும்; அதில் கத்தி படக்கூடாது. பிறகு கனெக்டரை, வெள்ளை நுரை உள்விளிம்புக்குச் சமமாக வரும்வரை திருகி ஏற்றுங்கள்.

படி 4: மாடிக்கு

மழை, இடி இருந்தால் மாடிக்குப் போகவே வேண்டாம். தரை காய்ந்த பிறகு, துணைக்கு ஒருவருடன் ஏறுங்கள். டிஷ்ஷுக்கு முன்னால் மரக்கிளை வளர்ந்திருக்கிறதா, கேபிளை எலி கடித்திருக்கிறதா, எல்.என்.பி.யின் பிளாஸ்டிக் மூடி விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் கனெக்டரைக் கழற்றி அதே சோதனை. திரும்ப மாட்டிய பின் தண்ணீர் புகாத டேப் சுற்றுங்கள். எல்.என்.பி.க்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

எல்.என்.பி.யை மாற்றுவதாக இருந்தால், பழையது எவ்வளவு சாய்ந்து திரும்பியிருக்கிறது என்று கழற்றுமுன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புதியதும் அதே சாய்வில் இருக்க வேண்டும்.

படி 5: கடைசியாக டிஷ்

எல்லாம் சரியாக இருந்தும் குவாலிட்டி ஏறவில்லையா? இப்போது தொடலாம். போல்ட்டைத் தளர்த்துமுன் கம்பத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். திரும்பி வர வழி வேண்டும். ஒருவர் டிவி முன் உட்கார்ந்து குவாலிட்டி எண்ணைப் போனில் சொல்ல, நீங்கள் முதலில் இடவலமாக, பிறகு மேல்கீழாக நகர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் சில மில்லிமீட்டர் போதும். நகர்த்தியதும் ஐந்து விநாடி கையை எடுத்துவிட்டு நில்லுங்கள். பாக்ஸ் சிக்னலைப் பிடிக்க அவ்வளவு நேரமாகும். எண் ஏறி மறுபடி இறங்கத் தொடங்கினால், உச்சத்தைத் தாண்டிவிட்டீர்கள், மெல்லத் திரும்புங்கள்.

போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒன்றை மட்டும் இறுக்கினால் டிஷ் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். முறுக்கி முடித்ததும் வரும் குவாலிட்டி எண்ணை ஒரு சீட்டில் எழுதி, பாக்ஸின் அடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை படம் போனால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் வேண்டும்.