தோட்டம் போடத் தோதான இடத்தில் வீடு பார்ப்பது எப்படி?

புது ஊருக்குக் குடிபோகிறோம், அங்கே நல்ல தோட்டமும் வேண்டும் என்றால் பலரும் முதலில் பார்ப்பது அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையைத்தான். தயவுசெய்து அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு ஊர்களுக்கும் சராசரி 20 டிகிரி என்று இருக்கும், ஆனால் ஒன்றில் வருடம் முழுக்க அதையொட்டியே ஓடும், இன்னொன்றில் கோடையில் 40 டிகிரி கொளுத்தி, குளிர்காலத்தில் உறைபனி விழும். வாழை, பப்பாளி இலைகள் கருகிப்போக அப்படி ஒரு இரவு போதும்.

அதனால் என்ன வளர்க்க ஆசை என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஆப்பிள் ரகங்கள் பலவற்றுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் கிடைத்தால்தான் மொட்டு ஒழுங்காக விரியும். தக்காளிக்கு இரவு வெப்பம் 24 டிகிரியைத் தாண்டிக்கொண்டே இருந்தால் பூ உதிரும், பிஞ்சு பிடிக்காது. எவ்வளவு உரம் போட்டாலும் சரிவராது. அப்புறம் அந்த ஊரின் மிகக் குளிர்ந்த இரவு, மிகச் சூடான வாரம், மழையே இல்லாத நீண்ட இடைவெளி, இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள். அமெரிக்க வேளாண்மைத் துறை 13 மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கும் வரைபடம் பலருக்குத் தெரிந்திருக்கும். குளிர் எந்த அளவுக்கு இறங்கும் என்பதை மட்டும்தான் அது சொல்லும், கோடையைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஒன்றும் சொல்லாது.

மழையில் மொத்த அளவைவிட அது எப்படிப் பிரிந்து பெய்கிறது என்பதுதான் முக்கியம். மூன்றே மாதத்தில் கொட்டித் தீர்க்கிற ஊர் என்றால் சேமிக்க இடம் வேண்டும். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 1000 லிட்டர், தொட்டியின் அளவை இதை வைத்தே கணக்குப் போடலாம்.

ஒரே ஊருக்குள்ளும் இடத்துக்கு இடம் மாறும். 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. ஆனால் இரவில் குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தேங்குவதால், சரிவின் நடுவில் இருக்கும் வீட்டைவிடப் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் வீட்டில் உறைபனி முந்தி விழும். நானாக இருந்தால் நடுச்சரிவைத்தான் எடுப்பேன். பூமியின் வடபாதியில் தெற்கு பார்த்த சரிவுக்கு வெயில் அதிகம், தென்பாதியில் வடக்கு பார்த்ததற்கு.

இடம் பிடித்துப்போனால் ஒரு மண்வெட்டியோடு போங்கள் (உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத்தான்). ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தடவை மணிக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் இறங்கினால் நல்ல மண். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் வேர் அழுகும், பாத்தியை உயர்த்திக் கட்ட வேண்டி வரும். புதிதாகக் கட்டிய வீடு என்றால் கூடுதல் கவனம் வேண்டும், மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டுக் கட்டட இடிபாட்டைப் போட்டு மூடியிருப்பார்கள், மண்வெட்டி இறங்கும்போதே செங்கல் துண்டு தட்டும். கிணற்று நீர் என்றால் உப்பு அளவைச் சோதியுங்கள். டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை, 2000ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகள் திணறும்.

வெயில் ஆறு மணி நேரமாவது விழுகிறதா என்று காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நின்று பாருங்கள். பக்கத்து வீட்டு மரத்தின் நிழல் குளிர்காலத்தில் இன்னும் நீளும்.

கடைசியாக அந்தத் தெருவில் ஒரு நடை. வயதான பழமரங்கள் எவை, எந்தச் செடியை எல்லோரும் தொட்டியில் வைத்து வீட்டுக்குள் தூக்கிப் போகிறார்கள் என்று கவனியுங்கள், தோட்டத்தில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுத்து இங்கே எது வரவே வராது என்று கேளுங்கள். முடிந்தால் முதல் வருடம் வாடகைக்கு இருந்து ஒரு முழுச்சுற்றுப் பருவத்தையும் பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள். அதற்கு வழியில்லை என்றால், அந்த ஊர்க்காரர்களே சலித்துக்கொள்ளும் மாதம் எதுவோ அந்த மாதத்தில் போய்ப் பாருங்கள்.