நடைபாதையில் ஒட்டிய சுவிங்கத்தைச் சுரண்டி எடுப்பது எப்படி?

ஹட்டனில் எங்கள் கடைக்கு முன்னால் உள்ள நடைபாதையை முதன்முதலில் குனிந்து பார்த்த அன்று 43 கறுப்புப் புள்ளிகளை எண்ணினேன். எல்லாம் துப்பிய சுவிங்கம். மிதிபட்டு மிதிபட்டு, இரண்டு ரூபாய்க் குத்தி மாதிரித் தட்டையாகிக் கிடந்தன. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலைக்குப் போகிற கூட்டம் இந்த வழியாகத்தான் போகும். சீசன் முடிந்தால் புள்ளிகளும் கூடிவிடும்.

அந்தக் காலத்தில் சுவிங்கத்தைச் சப்போட்டா மரத்துப் பாலில் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் செயற்கை ரப்பர்தான். அதனால் எவ்வளவு மழை அடித்தாலும் கரையாது. சூட்டில் இளகும், குளிரில் இறுகும்.

தேவையானவை: பெயின்ட் சுரண்டும் தகடு, சின்னச் சுத்தியல், கையுறை, பழைய பத்திரிகைத் தாள். தோட்டத்தில் புல் வெட்டுகிற சுரண்டி வேண்டாம். அதன் வாய் தடிப்பு, சீமெந்தைக் கீறிவிடும்.

காலை ஆறு மணிக்கு முன்பே இறங்குங்கள். ஜனவரிக் குளிரில் சுவிங்கம் கல்லாக இறுகியிருக்கும். தகட்டைத் தரையோடு படுக்க வைத்து, பின்னால் லேசாகத் தட்டினால் ஓடு மாதிரிக் கழன்று வரும். தகட்டை நிமிர்த்திப் பிடித்தால் மேல்பகுதி மட்டும் வரும், அடி அப்படியே நிற்கும்.

நான் மாட்டிக்கொண்டது இதற்கு முந்தைய கட்டத்தில். முதல் நாள் கொதிநீர் ஊற்றினேன். சுவிங்கம் இளகி, சீமெந்தின் நுண்துளைகளுக்குள் இறங்கி, குத்தி அளவில் இருந்தது உள்ளங்கை அளவுக்குப் பரவிவிட்டது. அடுத்த நாள் தார் ஓரத்தில் மண்ணெண்ணெய் விட்டேன். சுவிங்கம் போனது உண்மை. ஆனால் தாரும் இளகிச் சல்லிக்கல் பெயர்ந்து, அந்த இடம் குழியாகிவிட்டது. தயவுசெய்து தாரில் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றாதீர்கள். தேங்காய் எண்ணெயும் சீமெந்துக்கு ஒத்துவராது. கறை நின்று, அதன்மேல் தூசி படியும்.

வெயில் ஏறிவிட்டால் ஐஸ்தான் வழி. ஐஸ் துண்டுகளோடு ஒரு கைப்பிடி கல்லுப்பு சேர்த்துச் சொப்பிங் பேக்கில் இறுக்கிக் கட்டுங்கள். உப்பு சேர்ந்தால் வெறும் ஐஸை விடக் குளிர் கூடும். பத்து நிமிடம் அழுத்தி வையுங்கள். எடுத்த கையோடு சுரண்ட வேண்டும், அரை நிமிடம் தாமதித்தாலும் மறுபடி இழுபடும்.

சுரண்டியதைக் கானுக்குள் தள்ளிவிடாதீர்கள். அது மக்காது, மழையோடு ஆற்றுக்குப் போகும். சீனியில்லாத சுவிங்கம் சிலவற்றில் சைலிட்டோல் இருக்கிறது, அது நாய்களுக்கு நஞ்சு. பஸ் நிலையத்தைச் சுற்றி எத்தனை நாய்கள் படுத்திருக்கின்றன, பாருங்கள். தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

பிறகு சேர்த்தது: பதுளையிலிருந்து ஒரு தங்கச்சி, “அண்ணா, எங்கள் ஊரில் இவ்வளவு குளிர் இல்லையே, இன்டர்லொக் கல் இடுக்கில் ஒட்டினால் என்ன செய்வது?” என்று கேட்டிருந்தார். சரியான கேள்வி. அங்கே காலையிலும் ஐஸ்தான் வைக்க வேண்டும். இடுக்கில் தகடு நுழையாது, பழைய ஸ்க்ரூ டிரைவரால் கிண்டுங்கள். கூடவே மணலும் வெளியே வரும். அப்புறம் காய்ந்த மணலைத் தூவி, துடைப்பத்தால் இடுக்குகளுக்குள் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்குக் கல் ஆடத் தொடங்கும்.