முதலில் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்

லேப்டாப் டச்பேடில் கர்சர் தன்பாட்டில் துள்ளினால், டிரைவரில் (டச்பேடை இயக்கும் மென்பொருளில்) கை வைக்கும் முன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். துள்ளல் நின்றால் குறை பெரும்பாலும் எர்த்தில்தான், அதாவது நிலத்தோடு சேரும் மின் இணைப்பில். விரல் பட்டதும் உண்டாகும் நுண்ணிய மின்மாற்றத்தை அளந்தே டச்பேட் இயங்குகிறது. எர்த் இல்லாமல் சார்ஜ் ஏறினால் அந்த அளவு குழம்பிவிடும். உலோக மூடியை மெல்லத் தடவும்போது சுருசுருவென்று இருப்பதும் இதன் அடையாளமே. மூன்று பின் சார்ஜரை, இடையில் அடாப்டர் வைக்காமல், எர்த் உள்ள பிளக்கில் நேராகச் செருகுங்கள். திருகோணமலைப் புழுக்கத்தில் வியர்த்த விரலும் இதே வேலையைக் காட்டும், துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

பற்றரியிலும் துள்ளினால் இது பொருந்தாது. விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியது என்றால் டிவைஸ் மனேஜரில் டிரைவரை ரோல் பேக் செய்யுங்கள், அதாவது பழைய பதிப்புக்கு மாற்றுங்கள். டச்பேட் மேலே புடைத்திருந்தால் பற்றரி ஊதியிருக்கலாம். உடனே நிறுத்திவிட்டு, திருத்துபவரிடம் காட்டுங்கள்.