அணை வேலைக்கு முன்: மலையகத்தில் தொல்பொருள், மரபுத் தாக்க மதிப்பீடு

இலங்கை மலையகத்தின் மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது பழைய மஸ்கெலியா நகரின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் தலைகாட்டும். கொத்மலையில் தண்ணீர் இறங்கினால் கடதொர விகாரை தெரியும். பார்க்கக் கிடைப்பது சுவர் மட்டும். அதைக் கட்டியவர் யார், எந்த லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) சனம் அங்கே கும்பிட்டது என்பதெல்லாம் தண்ணீர் ஏறும் முன் யாராவது எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், அதன் 1998ஆம் ஆண்டுத் திருத்தம், 2000ஆம் ஆண்டின் ஒழுங்குகள் ஆகியவற்றின்படி அணை போன்ற திட்டங்களுக்குத் தொல்பொருள் தாக்க மதிப்பீடு, அதாவது வேலையால் பழமைக்கு என்ன நேரும் என்று முன்கூட்டியே ஆராய்வது, கட்டாயம். செலவு திட்டக்காரருடையது. ஆனால் அந்தச் சட்டம் பழமைக்குக் கோடு கிழிக்கும் நாள் 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். கோப்பித் தோட்டங்கள் வந்ததும் நம் மக்கள் மலையேறியதும் அதற்குப் பிறகு. அதனால் லயம், பெரட்டுக்களம் (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம்), தோட்டத்துக் கோயில், கோப்பிக் காலத்து ஸ்டோர் (பதப்படுத்தும் ஆலை) எதுவும், தனியாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டால் ஒழிய, தானாகப் பட்டியலில் ஏறாது. ஆகவே பதிவேட்டை இரண்டாகப் பிரியுங்கள்: சட்டம் காப்பவை, மக்கள் காப்பவை. இரண்டாவதைப் பின்னிணைப்பில் தள்ளினால் அதை யாரும் படிக்கமாட்டார்கள். அறிக்கையின் உடலுக்குள்ளேயே வையுங்கள்.

அடுத்தது எல்லை. அணை நிற்கும் இடத்தை மட்டும் நடந்து பார்த்துவிட்டு முடிப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. உச்ச நீர்மட்டக் கோடு, அதற்கு மேல் அலை அரிக்கும் கரை, புதுப் பாதை, கல் உடைக்கும் இடம், மண் கொட்டும் இடம், தொழிலாளர் முகாம், மின்கம்பி வழி, சனத்தைக் குடியேற்றும் நிலம் எல்லாம் உள்ளே வரவேண்டும். சுரங்கம் இருந்தால் அதன் தடத்துக்கு மேலுள்ள நிலமும் சேரும். உமா ஓயாச் சுரங்க வேலையில் பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றி, வீடுகள் வெடித்ததை மறக்கக் கூடாது. உச்ச மட்டத்துக்கும் தாழ் மட்டத்துக்கும் இடைப்பட்ட பட்டையைத் தனியாகக் குறியுங்கள். ஆழத்தில் எப்போதும் மூழ்கிக் கிடப்பதைவிட, மாறி மாறி நனைந்து காயும் இடத்தில்தான் சுவரும் மண்படையும் சீக்கிரம் அழியும்.

பழைய நில அளவைப் படம், தோட்டத்துப் பிளான், கிராமப் பிளான் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது கோடுகள் பொருந்தாவிட்டால் ஆயங்களை (இடத்தைக் குறிக்கும் எண்களை) பாருங்கள். இலங்கை நில அளவையின் பழைய கண்டவளை ஆய முறையில் தொடக்கப்புள்ளி எண் 200000, 200000. 1999ஆம் ஆண்டு முறையில் 500000, 500000. இரண்டுக்கும் தொடக்கப்புள்ளி பிதுருதலாகலை மலைதான் என்பதால் மலையகத்து எண்கள் இவற்றை ஒட்டியே வரும், கண்ணால் பார்த்தே எந்த முறை என்று சொல்லிவிடலாம். 3 லட்சத்தைக் கூட்டி விட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கணினியில் முறைப்படி மாற்றுங்கள்.

நடை ஆய்வுக்குக் கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிட்ட) மலை உத்தமம், மண் தெரியும். ஐந்து பேர் 10 மீட்டர் இடைவெளியில் வரிசையாக, சரிவுக்குக் குறுக்கே நடக்க வேண்டும். தேயிலைக்குள் கீழே பார்ப்பதைவிடக் கான் (வடிகால்) வெட்டிய ஓரங்களைப் பாருங்கள். அங்கே மண்படை தானாகவே வெட்டுமுகமாகத் தெரியும்.

பண்டாரவளைப் பக்க மேடுகளில் கற்கால மக்களின் நுண்கருவிகள் கிடைத்திருக்கின்றன. வெள்ளைப் படிகக்கல், பெரும்பாலும் நகத்தளவு. சாதாரணச் சல்லி என்று காலால் தள்ளிவிடுவது எளிது. ஒன்றைக் கையில் எடுத்து வெயிலில் திருப்புங்கள். ஒரு விளிம்பு கூராக, நேராக இருந்து, எதிர் விளிம்பு நெடுகச் சின்னச் சின்னதாக ஒரே சீராகக் கொத்தி மழுக்கப்பட்டிருந்தால் அது கை செய்த வேலை. தானாக உடைந்த கல்லில் அந்தச் சீர் இருக்காது. எடுத்துப் பைக்குள் போடாமல், இடத்தைக் குறித்துப் படம் எடுத்து அங்கேயே வையுங்கள்.

சோதனைக் குழிக்குத் தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அளவு 1 மீட்டருக்கு 1 மீட்டர், ஒவ்வொரு தடவையும் 10 செ.மீ. ஆழம் தோண்டுங்கள். மண்ணை 5 மி.மீ. சல்லடையில் அரியுங்கள், படிகக்கல் கண்டால் 2 மி.மீ.க்கு மாறுங்கள். சரிவின் உச்சியில் மேல்மண் கழுவிப்போயிருக்கும், அடிவாரத்தில் சரிந்த மண் பழைய தரையை ஆழப் புதைத்திருக்கும். அதனால் உச்சியில் இரண்டு குழி வெறுமையாக இருந்தது என்பதற்காக அடிவாரத்தையும் கைவிட்டுவிடாதீர்கள். 1.2 மீட்டருக்குக் கீழே முட்டுக் கொடுக்காமல் இறங்க வேண்டாம். மழை நாளில் குழியே வேண்டாம்.

அதிக நேரம் கொடுக்கவேண்டியது விசாரிப்புக்கு. தலைவரையும் கங்காணியையும் மட்டும் கேட்டால் பாதிதான் வரும். கொழுந்து பறிக்கும் அக்காமாருக்கு எந்த மலையில் கவ்வாத்துச் சாமி, எந்தப் பீலிக்கரையில் (தண்ணீர் பிடிக்கும் இடத்தில்) முனி, எந்த மேட்டில் பழைய புதைகுழி என்று அடி அடியாகத் தெரியும். அலுவலகத்தில் வைத்துக் கேட்காதீர்கள், அவர்களோடு மலைக்கே நடங்கள். ரோதை முனி (இயந்திரச் சக்கரத்தின் காவல் சாமி) ஸ்டோருக்குள் இருப்பார். காமன் பொட்டலில் (காமன் கூத்து ஆடும் வெளியில்) பல இடங்களில் கட்டடமே இருக்காது: ஒரு வெற்றுத் தரை, ஓரத்தில் ஒரு கல், மாசி மாதம் வந்தால் மட்டும் நிற்கும் கம்பம். மற்ற மாதங்களில் போகும் அளவையாளர் அதை ‘வெற்று நிலம்’ என்று எழுதிவிடுவார். புதைகுழி மேல் தேயிலை நட்டிருந்தால் ஆட்கள் காட்டும் எல்லையை ஜிபிஎஸ்ஸால் சுற்றி நடந்து குறியுங்கள். மணியிலும் வேலிலும் சூலத்திலும் வெட்டிய பெயர், ஊர், ஆண்டு எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் முடிவு எழுதுங்கள். பாதையை 20 மீட்டர் தள்ளினால் தப்புமா என்பதே முதல் கேள்வி, இடம் மாற்றுவது கடைசி. கோயிலை மாற்றுவதென்றால் பாலாலயம் (சாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைப்பது), புது இடத்தில் பிரதிஷ்டை, இரண்டுக்கும் நாளும் செலவும் வேலை அட்டவணையில் இருக்க வேண்டும். சிறு சாமிக் கல்லுக்குப் பூசாரி சொல்வதுதான் முறை.

வேலை தொடங்கியதும் வெடி வைக்கும் இடத்துக்கு அருகே உள்ள பழைய சுவர்களில் வெடிப்பின் குறுக்கே கண்ணாடித் துண்டு பதித்துத் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் வெடிப்பு நகர்கிறது. மண்ணில் ஏதும் தட்டுப்பட்டால் சுற்றிலும் 30 மீட்டருக்கு இயந்திரத்தை நிறுத்தி, அன்றே திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். இந்த அறிவுறுத்தல் ஒரு தாளில், தமிழிலும் சிங்களத்திலும், பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) ஓட்டுபவரின் இருக்கைக்கு எதிரே ஒட்டப்பட்டிருக்கட்டும். முதலில் காண்பவர் அவர்தான்.